முதல் கரண்டிக்கு முன் ஒரு போத்தல் சலம்

எட்டு மாதக் குழந்தை. காய்ச்சல் 102 டிகிரி. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. பால் குடிக்க மறுக்கிறது; குடித்த கொஞ்சத்தையும் கக்கிவிடுகிறது. திருகோணமலையில் இப்படியொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் டெங்குதான். அதில் பிழை சொல்ல முடியாது. 2017 ஆம் ஆண்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலில் விழுந்தார்கள். மார்ச் மாதத்தில் கிண்ணியாவில் பாடசாலைகளையே மூட வேண்டி வந்தது. அதன் பிறகு, காய்ச்சல் என்றால் இரத்தம் எடுத்து 'ஃபுல் பிளட் கவுண்ட்' பார்ப்பது தாய்மாருக்கே பழகிப்போன ஒழுங்காகிவிட்டது. ரிப்போர்ட்டில் பிளேட்லட் எத்தனை என்று டொக்டருக்கு முன்பே பார்த்துவிடும் தகப்பன்மார் எத்தனையோ பேர்.

சலத்துக்கு அந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை. காய்ச்சலோடு கொண்டுவரப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100 க்கு ஏறத்தாழ 7 பேருக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்த கணக்கு. பெரியவர்களுக்குச் சலக்கடுப்பு வந்தால் எரியுது, அடிக்கடி போகுது என்று சொல்வார்கள். கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அதற்குக் காய்ச்சலும் சத்தியும் சோர்வும்தான் மொழி. அதனால் வேறு காரணம் தெரியாத காய்ச்சலுக்கு இரத்தம் எடுக்கும் அதே நாளில் சலமும் எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை வற்புறுத்துவது இன்னும் ஒரு படி மேலே: அந்தச் சலத்தை, அன்டிபயோட்டிக் பாணியின் முதல் கரண்டி குழந்தையின் வாய்க்குள் போவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஏன் முன்பே? கல்ச்சர் என்னும் வளர்ப்புச் சோதனைக்கு உயிருள்ள கிருமி வேண்டும். ஒன்றிரண்டு வேளை மருந்து உள்ளே போய்விட்டால், நோய் அடங்கியிருக்காது, ஆனால் சலத்தில் கிருமி வளராமல் போகலாம். ரிப்போர்ட் 'ஒன்றுமில்லை' என்று வரும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குப் பணியும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதோடு போய்விடுகிறது. முன்பெல்லாம் அந்த விடை இல்லாமலும் சமாளித்தார்கள். வழமையாகக் கொடுக்கும் மருந்து வழமையாக வேலை செய்தது. இப்போது அப்படியில்லை.

குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றுக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஈ.கோலை என்ற குடல் பக்டீரியா. 2016 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையான பிஎம்ஜேயில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. 26 நாடுகள், 58 ஆய்வுகள், குழந்தைகளின் சலத்திலிருந்து எடுக்கப்பட்ட 77,783 ஈ.கோலை மாதிரிகள். செல்வந்த நாடுகளின் ஓஈசிடி அமைப்புக்கு வெளியே உள்ள நாடுகளில், அதாவது எங்களைப் போன்ற நாடுகளில், அம்பிசிலினுக்குப் பணியாத கிருமிகள் 79.8 வீதம். கோ-அமொக்சிக்ளாவுக்குப் பணியாதவை 60.3 வீதம், செல்வந்த நாடுகளில் அது 8.2 வீதம் மட்டும். சிப்ரோஃபுளொக்சசினுக்கு இங்கே 26.8, அங்கே 2.1. எங்கள் வீடுகளின் ஐஸ்பெட்டிக் கதவுகளில் மிச்சமாக நிற்கும் போத்தல்களை நினைத்துக்கொண்டு கோ-அமொக்சிக்ளாவின் எண்ணை இன்னொரு முறை வாசியுங்கள்.

அதே தொகுப்பில் தாய்தகப்பன் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தைக்கு முன்னர் ஏதோ ஒரு நோய்க்கு அன்டிபயோட்டிக் கொடுத்திருந்தால், அடுத்து வரும் சிறுநீர்த் தொற்றின் கிருமி மருந்துக்குப் பணியாததாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பாதிப்பு ஆறு மாதம் வரை நீடிக்கிறது. தை மாதத்தில் தடிமனுக்கு ஊற்றிய பாணியின் பாக்கியை ஆனி மாதத்தில் சிறுநீரகம் கட்ட வேண்டி வரலாம்.

இது எப்படி நடக்கிறது? சிறுநீர்த் தொற்றின் கிருமி வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. பெரும்பாலும் குழந்தையின் சொந்தக் குடலில் குடியிருந்தது, மலவாசலிலிருந்து சலவாசலுக்கு நகர்ந்து மேலே ஏறுகிறது. பெண் குழந்தைகளுக்குச் சலக்குழாய் கட்டையானது. அதனால்தான் அவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. முதல் சில மாதங்களில் மட்டும் ஆண் குழந்தைகளும், அதிலும் சுன்னத்துச் செய்யாத ஆண் குழந்தைகள், கணிசமாகப் பாதிக்கப்படுகிறார்கள். தடிமனுக்குக் காரணம் வைரஸ். அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. ஆனால் விழுங்கிய மருந்து குடலுக்குப் போகத்தான் செய்கிறது. அங்கே மருந்துக்குப் பணியும் கிருமிகள் சாகின்றன, பணியாதவை தப்பி இடம் பிடித்துக்கொள்கின்றன. அதோடு நின்றாலும் பரவாயில்லை. மருந்தை வெட்டிச் சிதைக்கும் நொதியைச் செய்வதற்கான மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கிறது. திறப்பு ஒன்றைப் பிரதி வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோல, ஒரு பக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். இனம்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கல்ச்சர் ரிப்போர்ட்டில், மருந்தைச் சிதைக்கும் அந்த நொதியைக் குறிக்கும் 'ஈஎஸ்பிஎல்' என்ற எழுத்துக்களைக் கண்டவர்களுக்கு இதன் அர்த்தம் அனுபவத்தில் தெரியும். செஃபிக்சிம், செஃபுரொக்சிம், ஏன் ஊசியாக ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன்கூட அந்தக் கிருமியிடம் செல்லாது. சலப்பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபியுரன்டோயின் பல வேளைகளில் இன்னும் கைகொடுக்கிறது. பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் அது இரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு தங்காது. காய்ச்சலோடு மேலே ஏறிய தொற்றுக்கு அதை நம்ப முடியாது. மிஞ்சுவது அமிக்காசின், மெரோபெனம் போன்ற ஊசிகள். வீட்டில் கரண்டியில் முடிந்திருக்க வேண்டிய வைத்தியம் வார்ட்டில் கனூலாவோடு நாட்கணக்கில் நீள்கிறது. தாய் குழந்தையோடு கட்டிலில். வீட்டில் மற்றப் பிள்ளைகள் அம்மம்மாவிடம். கடலுக்குப் போகிற தகப்பனுக்கு அத்தனை நாள் தொழில் இல்லை. சிகிச்சை இலவசமான நாட்டில்கூட இந்தச் செலவை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

காத்திருப்பதற்கும் நேரமில்லை என்பதுதான் இதில் கொடுமை. கல்ச்சர் முடிவு வர இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் ஆகும். 482 குழந்தைகளின் விபரங்களைப் பார்த்து 2016 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுநீரகத்தில் புதிய தழும்பு விழுந்த குழந்தைகளுக்கு மருந்து தொடங்கும்போது காய்ச்சல் 72 மணித்தியாலம் ஆகியிருந்தது. தழும்பு விழாதவர்களுக்கு 48. இவை நடுத்தரக் கணக்குகள். ஆனால் திசை தெளிவு: தாமதம் கூடினால் தழும்பு கூடுகிறது. ஆகவே டொக்டர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க முடியாது. ஒரு மருந்தை ஊகித்துத் தொடங்கியே ஆக வேண்டும். கிருமி பணியாதது என்றால், பிழையான மருந்தோடு இரண்டு நாள் கழிகிறது. உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கிறது. முதலிலேயே சலம் எடுத்து அனுப்பியிருந்தால் மூன்றாம் நாள் பிழை தெரியும், மருந்தை மாற்றலாம். எடுக்காவிட்டால் மூன்றாம் நாளும் ஊகம்தான். ஐந்தாம் நாளும் ஊகம்தான்.

சிறுநீரகம் என்றதும் இந்த மாவட்டத்தில் மனங்கள் பதவிய, மெதவச்சி பக்கம் ஓடும். அங்கே விவசாயிகளைக் கொண்டுபோகும், காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, இது வேறு. குழந்தைக்குச் சலத்தில் கிருமி என்று கேட்டதும் டயலிசிஸ் வரை யோசித்து அழும் தாய்மாருக்காக இதைச் சொல்கிறேன். நேரத்துக்கு வைத்தியம் கிடைத்த பெரும்பாலான குழந்தைகள் முழுச் சுகத்தோடு வளர்கிறார்கள்.

இனி அந்தச் சலம் பற்றி. சொல்வதற்குச் சுலபம்; எடுப்பது அத்தனை சுலபமில்லை. பம்பர்ஸில் பிழிந்த சலம் கல்ச்சருக்கு உதவாது. ஒட்டும் பையில் சேர்ந்த சலத்தில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால், அது தோலில் இருந்ததா, சலப்பையில் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தின் பேரில் தேவையில்லாமல் அன்டிபயோட்டிக் குடித்த குழந்தைகளும் உண்டு. அதுவும் இதே பிரச்சினைக்கு ஊட்டம்தான். வார்ட்டில் சிறு குழாய் விட்டு எடுப்பார்கள். வீட்டிலோ ஓபிடியிலோ செய்யக்கூடியது, கழுவித் துடைத்துவிட்டு, குழந்தை சலம் விடும் நேரம் பார்த்துப் போத்தலை நீட்டிப் பிடிப்பது. அவுஸ்திரேலியாவில் 354 கைக்குழந்தைகளிடம் ஒரு எளிய முறையைப் பரீட்சித்தார்கள். குளிர்ந்த திரவத்தில் நனைத்த துணியால் அடிவயிற்றை மெதுவாகத் தேய்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சலம் விட்டவர்கள் 31 வீதம். சும்மா காத்திருந்த குழந்தைகளில் 12 வீதம்தான். 2017 இல் வெளியான முடிவு இது. பொறுமையும் ஒரு துண்டுத் துணியும் தவிர இதற்கு வேறொன்றும் தேவையில்லை.

எடுத்தாயிற்று. ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். திருகோணமலையின் பூகோளம் குறுக்கே வருவது இங்கேதான். மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்தில், துறைமுகப் பக்கம். மாவட்டமோ கொட்டியாரக் குடாவைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. மூதூரைத் தாண்டி ஈச்சிலம்பற்று, வெருகல். வடக்கே குச்சவெளி, புல்மோட்டை. உள்ளே கந்தளாய், கோமரங்கடவல. 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வருவதே 'பாதை' என்னும் படகில் ஏறி, நீர் கடந்து. இப்போது வீதி நல்லது. ஆனால் போத்தலுக்கு வெயில் வெயில்தான். சாதாரண வெப்பத்தில் வைத்த சலத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் வளர்ப்புக்குப் போட வேண்டும் என்பது ஆய்வுகூட விதி. ஈ.கோலை தனக்கு வாய்த்த சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். ஒரு பஸ் பயணத்தில், தற்செயலாக ஒட்டிய பத்துக் கிருமி ரிப்போர்ட்டில் தொற்றாகிவிடலாம். இதற்கு மருந்து ஐஸ். குளிரில் வைத்த சலம் 24 மணித்தியாலம் தாங்கும். போரிக் அமிலத் தூள் போட்ட போத்தலும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கடைசிக் கிராமத்து கிளினிக் வரை கொண்டுபோகும் சுகாதாரத் திணைக்களத்தின் திறமை உலகம் மெச்சியது. அந்தப் பெட்டி வெறுமையாகத் திரும்பி வரும்போது நாலு சலப் போத்தலை ஏற்றி வர வழி பண்ண முடியாதா என்று கேட்கிறேன். தடுப்பூசிப் பெட்டியில் சலம் வைக்கக் கூடாது என்றால், இன்னொரு பெட்டி. பெரிய செலவில்லை.

மருந்தின் பக்கத்திலும் வெயில் விளையாடுகிறது. தண்ணீர் கலந்த கோ-அமொக்சிக்ளாவ் பாணியை ஐஸ்பெட்டியில்தான் வைக்க வேண்டும். அப்படியும் ஏழு நாளுக்கு மேல் ஆகாது. அதிலுள்ள கிளாவுலானிக் அமிலம் சூட்டில் விரைவில் கெடும். ஐஸ்பெட்டி இல்லாத கரையோர வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, நாலாம் நாள் ஊற்றும் கரண்டியில் எவ்வளவு வீரியம் மிஞ்சியிருக்கும்? அரைகுறை அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கும். மூத்த பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய பாணியை இளையதுக்கு ஊற்றுவதும் அப்படியே. குழந்தைக்கு மருந்தின் அளவு நிறையைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. 2022 இல் டொலர் தீர்ந்து மருந்து வரத்து நின்றபோது, கிடைத்ததை எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் ஏறிவிட்டது. தேவையான மருந்தில் 80 வீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் அந்தப் பயம் நியாயமானது. அந்தப் போத்தல்களை இப்போது கொட்டிவிடுவது நல்லது.

தனியார் டிஸ்பென்சரிகளில் கடதாசி உறையில் போட்டுக் கொடுக்கும் குளிசைகளுக்கும், பெயர் எழுதாத போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் பாணிக்கும் என் கோபம் உண்டு. 'காலை 1, இரவு 1' என்று எழுதியிருக்கும். என்ன மருந்து என்று இருக்காது. மூன்று மாதம் கழித்து வார்ட்டில், "முன்னம் என்ன அன்டிபயோட்டிக் குடுத்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்கும்போது தாயிடம் சொல்ல ஒன்றுமில்லை. "மஞ்சள் பாணி ஒண்டு, டொக்டர்" என்பாள். பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பூசி எழுதும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், திகதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதக் கணக்கு அங்கேதான் வேலைக்கு வரும்.

பாமசியில் சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது இலங்கையில் சட்டம். நோயாளி போல் போய்ச் சோதித்த ஆய்வாளர்களுக்குச் சீட்டு இல்லாமலே கொடுத்த கடைகள் ஏராளம் என்பதும் பதிவான உண்மை. "பிள்ளைக்குக் காய்ச்சல், பாணி ஒண்டு தாங்கோ" என்று வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பினால் அவர் அடுத்த கடைக்குப் போவார் என்ற கடைக்காரரின் கவலை எனக்கு விளங்குகிறது. அதனால்தான் ஒரு கடை மட்டும் திருந்துவது போதாது. நாடு 2017–2022 க்கும் பின்னர் 2023–2028 க்கும் தேசியத் திட்டங்கள் வகுத்திருக்கிறது. இலங்கை நுண்ணுயிரியல் வைத்தியர் கல்லூரி 2016 லேயே எந்த நோய்க்கு எந்த மருந்தில் தொடங்குவது என்று வழிகாட்டி வெளியிட்டது. தாள்களுக்குக் குறைவில்லை.

கடலுக்கு அப்பால் நடந்ததையும் பார்க்கலாம். 2012 இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' செய்தன. எல்லா மருந்தையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தப் பார்த்தால் ஒன்றும் நடக்காது, வலுவான மருந்துகளிலிருந்து படிப்படியாக வாருங்கள் என்ற நடைமுறைப் புத்தி அதில் இருந்தது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய விதி 46 மருந்துகளைத் தனிப் பட்டியலில் வைத்தது. அவற்றில் 24 அன்டிபயோட்டிக்குகள். விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். கேரளம் 2018 இல் தனக்கென்று ஒரு செயற்திட்டம் தீட்டியது. 2024 ஜனவரியில் சீட்டு இல்லாத விற்பனையைப் பிடிக்க மருந்துக் கடைகளில் சோதனை தொடங்கியது. அது எழுத்தறிவும் அரச வைத்தியசாலைகளும் நிறைந்த, எங்களோடு பல விதத்தில் ஒப்பிடக்கூடிய மண். அங்கே முடிந்தால் கிழக்கு மாகாணத்தில் ஏன் முடியாது?

திரும்பத் திரும்பத் தொற்று வரும் குழந்தைகளின் கதை இன்னும் சிக்கல். சிலருக்குச் சலம் சலப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு மேல்நோக்கித் திரும்பும் குறைபாடு இருக்கும். அவர்களுக்கு மாதக்கணக்கில் சிறு அளவு அன்டிபயோட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் 607 குழந்தைகளிடம் இரண்டு வருடம் நடத்திய பரீட்சையின் முடிவு 2014 இல் வந்தது. தினமும் மருந்து குடித்தவர்களுக்குத் தொற்று மீண்டும் வருவது பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஈ.கோலையால் மீண்டும் தொற்று வந்தபோது, அந்தக் கிருமி அதே மருந்துக்குப் பணியாததாக இருந்தது 63 வீதம். மருந்து குடிக்காதவர்களில் 19 வீதம். புதிய தழும்புகளின் கணக்கில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. எந்தக் குழந்தைக்கு இது பெறுமதி, எதற்கு இல்லை என்பதைச் சிறுவர் வைத்திய நிபுணர் ஒவ்வொரு குழந்தையாக எடைபோட வேண்டியிருக்கிறது. அந்த மருந்தைத் தாய் தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது.

மருந்தே தேவைப்படாத தடுப்புமுறைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்குச் சலத் தொற்று கூடும். நிரம்பிய குடல் சலப்பையை நெருக்கி, சலம் முழுதாகப் போக விடாது. பாடசாலை மலசலகூடத்துக்குப் போகப் பயந்து, காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை அடக்கிக்கொண்டு இருக்கும் சிறுமிகள் எத்தனை பேர் என்று அவர்களின் வகுப்பாசிரியர்களைக் கேளுங்கள். பூட்டு இல்லை, தண்ணீர் இல்லை, வாடை. அடக்குவதற்காகவே தண்ணீர் குடிக்காமல் விடுகிறார்கள். திருகோணமலை வெயிலில். ஒரு தாழ்ப்பாளும் ஒரு வாளித் தண்ணீரும் இங்கே அன்டிபயோட்டிக்கைவிட முன்னுக்கு நிற்க வேண்டியவை. பார்லித் தண்ணீர், நெருஞ்சில் அவித்த நீர், செவ்விளநீர் எல்லாம் வளர்ந்த பிள்ளைக்கு நீர்ச்சத்தாக நல்லது. காய்ச்சலோடு கிடக்கும் கைக்குழந்தைக்கு அவற்றை நம்பி ஒரு நாளைக் கடத்துவது ஆபத்து.

மாவட்டத்திடம் கேட்பதற்கு ஒன்று மிஞ்சியிருக்கிறது. கல்ச்சர் செய்யப்படும் ஒவ்வொரு சலமும் ஒரு குழந்தைக்கு மட்டும் விடை சொல்வதில்லை. ஒரு வருடத்து முடிவுகளைத் தொகுத்தால், இந்த மண்ணில் குழந்தைகளின் ஈ.கோலை எந்த மருந்துக்கு எத்தனை வீதம் பணிகிறது என்ற அட்டவணை கிடைக்கும். ஒரு மருந்துக்குப் பணியாதவை 20 வீதத்தைத் தாண்டிவிட்டால் அதை ஊகத்தில் தொடங்கும் முதல் மருந்தாக வைக்கக் கூடாது என்பது பல வழிகாட்டிகள் ஏற்ற எல்லை. கொழும்பின் கணக்கு மூதூருக்குப் பொருந்தும் என்று இல்லை. பெரியவர்களின் கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது. குழந்தைகளுக்கெனத் தனியாக, வருடத்துக்கு ஒரு தரம், ஒரே தாளில் அச்சடித்து, மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும், கிராமத்து ஓபிடிகளிலும், தனியார் டிஸ்பென்சரி மேசைகளிலும் வைக்க வேண்டும். அதற்கு ஆய்வுகூடப் படிவத்தில் இப்போது அடிக்கடி வெறுமையாக விடப்படும் இரண்டு கட்டங்களை நிரப்பினாலே பாதி வேலை முடிந்தது: குழந்தையின் வயது, கடந்த ஆறு மாதத்தில் குடித்த அன்டிபயோட்டிக்கின் பெயர்.